மயில் விரட்டியை வரைந்து ஆட்டிப் பார்க்க எந்த மென்பொருள் நல்லது?

வன்னியில் வயல் வைத்திருப்பவர்களுக்கு மயிலின் தொல்லையைப் பற்றிப் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. விதைத்த கையோடு கூட்டமாக வந்து இறங்கும். கத்தினால் பத்தடி தள்ளிப் போய் நின்று நம்மையே பார்க்கும். முருகனின் வாகனம், கல்லெறியவும் கை வராது. அதனால் தானாகச் சத்தம் போடுகிற ஏதாவது ஒன்றைச் செய்து வரம்பில் நிறுத்தலாமே என்று யோசிக்கிற பெடியள் நிறையப் பேர். இங்கே எடுத்துக்கொள்வதும் அப்படி ஒன்றுதான்: பழைய காரிலிருந்து கழற்றிய வைப்பர் மோட்டர், 12 வோல்ற் பற்றரி, சிறிய சோலார் தகடு, இரண்டு மூன்று இரும்புத் தடி, ஒரு தகரப்பேணி. மோட்டர் சுற்றும், தடி ஆடும், பேணியில் அடிக்கும்.

இதை வெல்டிங் கடைக்குக் கொண்டுபோக முன் கணினியில் வரைந்து அசைத்துப் பார்க்க வேண்டும். எந்த மென்பொருள் நல்லது என்று கேட்டால் பலரும் முதலில் சொல்வது பிளெண்டர் என்ற முப்பரிமாண அனிமேஷன் மென்பொருளை. அதன் பெயர்தான் யூடியூப்பில் அதிகம் அடிபடுகிறது. ஆனால் மென்பொருளைத் தேட முன், அசைவு எதற்கு என்பதைத் தீர்மானிக்க வேண்டும். மற்றவர்களுக்குக் காட்டுவதற்கா, அல்லது செய்தால் வேலை செய்யுமா என்று நமக்கே தெரிந்துகொள்வதற்கா? இரண்டும் ஒரே மாதிரித் தெரியும், ஆனால் கருவிகள் வேறு. அனிமேஷன் மென்பொருளில் நீங்கள் எதைச் சொன்னாலும் அது அசையும். வடிவியல் மென்பொருளில் அசையக்கூடியது மட்டுமே அசையும்.

காட்டுவதற்கு மட்டும் என்றால் பவர்பொயின்ட் காணும். இதைச் சொன்னால் சிலருக்கு முகம் சுருங்கும், ஆனால் உண்மை அதுதான். பாடசாலைக் கண்காட்சிக்குக் குளத்து வான்கதவின் (மிகைநீரைத் திறந்துவிடும் கதவு) மாதிரி ஒன்றை விளக்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். இரணைமடுக் குளம் 36 அடியைத் தொட்டு வான் பாய்கிறது என்றால் கிளிநொச்சிப் பிள்ளைகளுக்கு அது திருவிழா, அதனால் இப்படியான மாதிரிகளில் ஆர்வமும் அதிகம். வட்டவில் வடிவக் கதவு ஒற்றை அச்சில் மேலே தூக்கப்படும், கீழே நீர் பாயும், அவ்வளவுதான். அசைவது ஒரே ஒரு துண்டு. அதற்குப் பெரிய மென்பொருள் எதுவும் வேண்டாம்.

ஒரேயொரு சிக்கல், பவர்பொயின்ட்டின் சுழல் அசைவு பொருளின் நடுவை மையமாக வைத்தே சுழற்றும். கதவு சுழல வேண்டியதோ அதன் கையின் நுனியிலுள்ள அச்சில். இதற்குப் பழைய தந்திரம் ஒன்று உண்டு. கதவைப் பிரதியெடுத்து, அச்சின் மறுபக்கத்தில் 180 பாகை திருப்பி வையுங்கள். பிரதியின் கோட்டையும் நிறத்தையும் எடுத்துவிட்டால் அது கண்ணுக்குத் தெரியாது. இரண்டையும் சேர்த்துக் குழுவாக்கினால் குழுவின் நடு சரியாக அச்சில் விழும். இனிக் கதவு ஒழுங்காகத் திறக்கும். பவர்பொயின்ட் 2010 முதல் வந்த பதிப்புகளில் இதை வீடியோவாகவும் சேமிக்கலாம். லிப்ரே ஒபிஸின் இம்பிரெஸிலும் இதே தந்திரம் செல்லும். அது இலவசம், உரிமம் பற்றிய கவலை இல்லை. வீடியோ வேண்டுமானால் திரையைப் பதிவுசெய்தால் சரி.

மயில் விரட்டிக்கு இது சரிவராது. அங்கே நான்கு துண்டுகள் ஒன்றோடொன்று மாட்டுப்பட்டு நிற்கின்றன. மோட்டரில் பூட்டிய கை, அதிலிருந்து போகும் நடுத்தடி, பேணியில் அடிக்கும் ஆடுதடி, இவற்றைத் தாங்கும் சட்டம். ஒன்று அசைந்தால் மற்றவை எங்கே போகும் என்பதை நீளங்கள்தான் தீர்மானிக்கின்றன, நாம் இல்லை. இந்த இடத்தில் என் தெரிவு ஜியோஜீப்ரா. மாக்கஸ் ஹோஹன்வார்ட்டர் என்ற ஒஸ்திரிய ஆசிரியர் 2001இல் தொடங்கிய கணித மென்பொருள் இது. வணிகமல்லாத பாவனைக்கு இலவசம். கணித பாட ஆசிரியர்களில் பலருக்கு ஏற்கெனவே பழக்கம், எனவே தெரியாததைக் கேட்டுப் படிக்கவும் ஆளிருக்கும்.

செய்முறை இப்படி. மோட்டரின் அச்சைப் பூச்சியத்தில் ஒரு புள்ளியாக வையுங்கள். ஆடுதடியைச் சட்டத்தில் மாட்டும் ஆணி அங்கிருந்து 12 செ.மீ. தள்ளி. 0 முதல் 360 பாகை வரை போகும் ஸ்லைடர் ஒன்று போடுங்கள். கையின் நுனியைக் கொடுக்கும்போது நீளம் 4, பிறகு அரைப்புள்ளி, பிறகு ஸ்லைடரின் பெயர் என்று அடைப்புக்குள் எழுதினால் அது கோணத்தோடு சுற்றும் புள்ளியாகிவிடும். காற்புள்ளி போட்டால் சாதாரண ஆள்கூறாக எடுத்துக்கொள்ளும், கவனம். இனிக் கையின் நுனியை மையமாக்கி 14 ஆரையில் ஒரு வட்டம், ஆணியை மையமாக்கி 10 ஆரையில் இன்னொரு வட்டம். இரண்டும் வெட்டும் இடம்தான் நடுத்தடியும் ஆடுதடியும் சந்திக்கும் மூட்டு. கோடுகளால் இணைத்து, வட்டங்களை மறைத்து, ஸ்லைடரை ஓடவிட்டால் தடி ஆடத் தொடங்கும். ஸ்லைடரின் அமைப்பில் ‘கூடிக்கொண்டு போவது’ என்ற தெரிவை எடுங்கள். இல்லாவிட்டால் 360இல் நின்று திரும்பி வரும், எந்த மோட்டரும் அப்படிச் சுற்றாது.

இந்த அளவுகளில் ஆடுதடி ஏறத்தாழ 56 பாகை ஆடும். கையின் நீளத்தை 6 ஆக்குங்கள், ஆட்டம் 89 பாகையளவுக்கு விரியும். வீட்டுக்குப் பக்கத்துத் தம்பி இதைப் பார்த்துவிட்டுக் கேட்டான்:

“அண்ணை, இன்னும் கொஞ்சம் நீட்டிவிட்டா அடி பலமா விழுமே?”

“நீட்டிப் பார் தம்பி.”

8 வைத்தபோது எல்லாத் தடியும் ஒரே கோட்டில் படுக்கிற ஒரு நிலை வந்தது. அந்த இடத்திலிருந்து எந்தப் பக்கம் மடங்குவது என்பது தடிக்கே தெரியாது. 9 வைத்தான். கை ஆணியின் பக்கம் திரும்புகிற இடத்தில், இரு பக்கமும் பதினைந்து பாகையளவுக்கு, நடுத்தடியும் ஆடுதடியும் திரையிலிருந்தே மறைந்துவிட்டன. வட்டங்கள் அங்கே வெட்டிக்கொள்வதில்லை, எனவே மூட்டுக்கு இடமே இல்லை. ஜெர்மன் பொறியியலாளர் ஃபிரான்ஸ் கிராஷோவ் 19ஆம் நூற்றாண்டிலேயே இதற்கு விதி சொல்லிவிட்டார்: ஆகக் குறுகிய தடியையும் ஆக நீண்ட தடியையும் கூட்டினால், மற்ற இரண்டின் கூட்டுத்தொகையைத் தாண்டக் கூடாது. 4உம் 14உம் 18. மற்றவை, ஆடுதடியின் 10உம் சட்டத்தின் 12உம், 22. பிரச்சினை இல்லை. 9உம் 14உம் 23. முடிந்தது கதை.

இதே 9 செ.மீ. கையைப் பவர்பொயின்ட்டிலோ பிளெண்டரிலோ வெறும் படமாக அசைத்திருந்தால் அழகாகச் சுற்றியிருக்கும். வயலில் பூட்டிய பிறகுதான் மோட்டர் இறுகி நின்று, பியூஸ் எரிந்து, அல்லது மோட்டருக்குள் இருக்கும் பல்லுச்சில்லு தேய்ந்து விஷயம் தெரியவரும்.

ஜியோஜீப்ராவுக்கு எல்லை உண்டு. தடியின் தடிப்பு, ஆணித்துளை, சட்டத்தில் முட்டுமா என்பதெல்லாம் அதில் தெரியாது. அங்கே சொல்வ்ஸ்பேஸ் என்ற பொறி வரையும் மென்பொருளை எடுங்கள். சில எம்பிதான், ஒற்றைக் கோப்பு, நிறுவவே தேவையில்லை. யூஎஸ்பியில் போட்டு இன்னொருவரின் லப்டொப்பிலும் திறக்கலாம். மாங்குளத்துக்கு அப்பால் உள்ளே போனால் சிக்னல் எப்படி என்று தெரிந்தவர்களுக்கு இந்த ஒரு குணத்துக்காகவே இதைப் பிடிக்கும். நீளம் இவ்வளவு, இந்த இரண்டு புள்ளியும் ஒன்றாக இருக்க வேண்டும், இந்தக் கோடு கிடையாக இருக்க வேண்டும் என்று நிபந்தனைகளைக் கொடுத்துக்கொண்டு போவீர்கள். பிறகு ஒரு மூட்டை மவுஸால் பிடித்து இழுத்தால் எல்லாம் சேர்ந்து நகரும், போக முடியாத இடம் வந்தால் நின்றுவிடும். முடிந்ததும் டிஎக்ஸ்எஃப் (மற்ற வரைபட மென்பொருள்களும் திறக்கும் கோப்பு), பிடிஎஃப் இரண்டிலும் எடுக்கலாம். பிடிஎஃபை ஒன்றுக்கு ஒன்று அளவில் அச்சிட்டு, கடதாசியைத் தகட்டில் ஒட்டி, துளைக்கும் இடத்தில் சென்ரர் பஞ்ச் அடித்தால் அளவு பிசகாது. அச்சிடும்போது ‘பக்கத்துக்குப் பொருத்து’ என்ற குறியை எடுத்துவிடச் சொல்லுங்கள். அச்சிடும் கடைக்காரர் பழக்கத்தில் அதை எடுக்காமல் விட்டுவிடுவார், 14 செ.மீ. தடி பதின்மூன்றரையாக வந்து சேரும்.

சொல்வ்ஸ்பேஸின் முகம் அழகில்லை. கறுப்புத் திரை, சின்னச் சின்ன எழுத்து. முதல் நாள் எரிச்சல் வரும். அந்த எரிச்சலைப் பொறுக்க மாட்டேன் என்பவர்களுக்கு ஃப்ரீகாட் இருக்கிறது. 2024 நவம்பரில் வந்த அதன் 1.0 பதிப்பில் பாகங்களைப் பொருத்தி அசைக்கும் பகுதி உள்ளேயே வந்துவிட்டது. ஆனால் டவுன்லோட் பெரிது, கற்க வேண்டியதும் அதிகம். அறிவியல் நகரில் யாழ் பல்கலைக்கழகப் பொறியியல் பீடத்துக்குப் போகும் எண்ணம் உள்ள மாணவருக்கு அது வீண் போகாத உழைப்பு. ஒரு மயில் விரட்டிக்காக மட்டும் என்றால் நான் சிபாரிசு செய்ய மாட்டேன். லிப்ரேகாட் வரைவதற்கு நல்லது, அசைக்காது.

இனி மின்சுற்று. மோட்டர் விடாமல் அடித்துக்கொண்டிருந்தால் பற்றரியும் போகும், மயிலுக்கும் பழகிவிடும். சில செக்கன் அடித்து, ஒரு நிமிடத்துக்கு மேல் ஓய வேண்டும். ஆர்டுயினோ (நிரல் எழுதி ஓட்டும் சிறு மின்பலகை) இல்லாமலே 555 என்ற நேரங்காட்டும் மின்சில்லால் (ஐசி) இதைச் செய்யலாம். 1972இல் சந்தைக்கு வந்த சில்லு, இன்றைக்கும் விலை மலிவு. சுற்றை வரைய கிக்காட், ஓடவிட்டுப் பார்க்க ஃபால்ஸ்டாட் என்பது என் பிரிப்பு.

ஃபால்ஸ்டாட் உலாவியில் ஓடும் சுற்றுப் போலியாக்கம். மின்னோட்டம் மஞ்சள் புள்ளிகளாக கம்பிகளில் ஊர்ந்து போவதைக் கண்ணால் பார்க்கலாம். நேர் வோல்ற்றளவு பச்சை, எதிர் சிவப்பு, புவி சாம்பல். உங்களுக்கு அசையும் சுற்றுப்படம்தான் வேண்டும் என்றால் இதைவிடத் தனியாக அனிமேஷன் எதுவும் செய்யத் தேவையில்லை. ஓடுவதைப் பதிவுசெய்தாலே விளக்கப்படம் தயார்.

மயில் விரட்டிக்கு 1000 மைக்ரோ ஃபரட் கொள்ளளவி, மேலே 100 கிலோ ஓம், கீழே 10 கிலோ ஓம் தடை போட்டால் 555இன் வெளியீட்டு வோல்ற்றளவு ஏறத்தாழ 76 செக்கன் உயர்ந்தும் 7 செக்கன் தாழ்ந்தும் இருக்கும். சாதாரண 555 அலையாக்கியில் உயர்ந்த நேரம் எப்போதும் தாழ்ந்த நேரத்தைவிடக் கூடவே வரும். எனவே ரிலேயை (மோட்டரைப் போட்டு நிறுத்தும் மின்காந்த ஆளி) 12 வோல்ற்றுக்கும் வெளியீட்டுக்கும் நடுவே பூட்ட வேண்டும். அப்போது தாழ்ந்த 7 செக்கனுக்கு மட்டும் மோட்டர் ஓடும். புவிக்கும் வெளியீட்டுக்கும் நடுவே பூட்டினால் தலைகீழ், 76 செக்கன் அடி! ஃபால்ஸ்டாட்டில் இரண்டையும் போட்டுப் பார்த்தால் சொல்லாமலே புரியும். ஆனால் போலியாக்கத்தில் அதே 1000ஐப் போட்டுவிட்டுக் காத்திருக்காதீர்கள். அது நேரத்தை மிக நுண்ணிய துண்டுகளாக வெட்டிக் கணக்கிடுவதால் 76 செக்கன் வர யுகமாகும். கொள்ளளவியை நூறில் ஒன்றாக, 10 மைக்ரோவாகக் குறைத்துப் பாருங்கள். விகிதம் அப்படியே இருக்கும். ரிலேச் சுருளுக்குக் குறுக்கே உள்ள டயோட்டை எடுத்துவிட்டும் ஒருமுறை ஓடவிடுங்கள். சுருள் நிற்கும் கணத்தில் வோல்ற்றளவு எங்கே பாய்கிறது என்று பார்த்தவர் பிறகு டயோட்டை மறக்க மாட்டார்.

கிக்காட் வேறு சாதி. 1992இல் ஜான்-பியர் ஷாரா தொடங்கியது, 2013 முதல் ஜெனீவாவின் சேர்ன் ஆய்வுகூடமும் கைகொடுத்து வளர்த்தது. அச்சுச் சுற்றுப்பலகை அடிக்க வேண்டுமானால் இதற்கு மாற்றில்லை. விண்டோஸ் பொதி ஒரு ஜிபிக்கும் மேல், இரவு டேட்டாவில் போட்டுவிட்டுப் படுங்கள். துளைப்பலகையில் ஒட்டி முடிக்கிற ஆளுக்கு இது அதிகம். ஆர்டுயினோ பக்கம் போகிறவர்களுக்கு டிங்கர்காட் இலவசம், பலகையும் எல்ஈடியும் கண்முன்னே எரியும், பிள்ளைகளுக்கு நல்லது. ஆனால் இணையம் விட்டுவிட்டு வருகிற இடத்தில் அதை நம்பி வகுப்பு எடுக்க முடியாது.

அசைய வேண்டியது நீரோட்டம் என்றால் கணக்கு வேறு. கிணறு, பம்பு, மேல்தாங்கி, வால்வு, சொட்டுநீர்க் குழாய் என்று போகும் தோட்டத்து அமைப்புக்கு ட்ரோ.ஐஓவே காணும். பெட்டிகளைப் போட்டு அம்புகளால் இணையுங்கள், பெட்டியை நகர்த்தினால் அம்பும் கூடவே வரும். அம்பைத் தெரிவுசெய்து அதன் பண்புகளில் ஓட்ட அசைவு என்ற குறியைப் போட்டால் கோடு துண்டு துண்டாகி ஊரும். எஸ்விஜியாக (படத்தைக் கோடுகளாகவே சேமிக்கும் கோப்பு) எடுத்தால் உலாவியில் அசைவு அப்படியே இருக்கும், வேர்டிலோ பிடிஎஃபிலோ ஒட்டினால் நின்றுவிடும். இதன் கணினிப் பதிப்பு இணையம் இல்லாமலும் ஓடும்.

படம் பார்க்க நன்றாக இருக்க வேண்டும், அச்சில் போக வேண்டும் என்றால் இங்க்ஸ்கேப். 2003 முதல் இருக்கிறது, இலவசம், சொந்தக் கோப்பு வடிவமே எஸ்விஜி. சொல்வ்ஸ்பேஸில் இருந்தும் ஜியோஜீப்ராவில் இருந்தும் எஸ்விஜி எடுத்து இதற்குள் கொண்டுவந்து நிறமும் பெயரும் போடலாம். இதில் அசைவுக்கான காலக்கோடு இல்லை. எஸ்விஜி வெறும் எழுத்துக் கோப்பு என்பதால் அசைவு வரிகளைக் கையால் எழுதிச் சேர்க்கலாம், இணையப் பக்கம் செய்து பழகியவர்களுக்கு அது சிரமமில்லை.

பெயர் போடுவது பற்றி ஒன்று. நம் அச்சகங்களில் பாமினி எழுத்துரு இன்னும் சாகவில்லை. பாமினியில் ‘வால்வு’ என்று எழுதிய படம், பாமினி இல்லாத கணினியில் ஆங்கில எழுத்துக் குப்பையாகத் தெரியும். யுனிகோட்டில் எழுதுங்கள். கோப்பை வெளியே கொடுக்க முன் எழுத்தைப் பாதையாக, அதாவது வெறும் கோட்டு வடிவமாக, மாற்றிய பிரதி ஒன்றையும் எடுத்துவையுங்கள், திருத்துவதற்கு மூலத்தைத் தனியே வைத்துக்கொண்டு.

பிளெண்டரைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் சண்டைக்கு வருவார்கள். அருமையான மென்பொருள், 2002 முதல் திறந்த மூலம், சட்டமும் தடியும் பேணியும் முப்பரிமாணத்தில் வெயிலடிக்க நிற்கும். ஆனால் குறைந்தது 8 ஜிபி ராம் கேட்கும், நம்மிடம் புழங்குகிற இரண்டாங்கை லப்டொப்புகளில் பல 4 ஜிபி. தமிழ் எழுத்தும் அதில் ஒழுங்காக வராது, கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும். பெயர்களை இங்க்ஸ்கேப்பில் பாதையாக்கி உள்ளே கொண்டுவர வேண்டும். தடிப்பொறியை எலும்புகளாலும் நிபந்தனைகளாலும் கட்டி அசைக்க முடியும், ஆனால் அதற்குள் நீங்கள் பொருளையே செய்து முடித்துவிடுவீர்கள். பிளெண்டர் கற்க ஆசை என்றால் அதற்காகவே கற்றுக்கொள்ளுங்கள், மயிலைச் சாட்டாக வைக்க வேண்டாம். சின்ஃபிக், ஓப்பன்டூன்ஸ், கிரிட்டா எல்லாம் கார்ட்டூன் ஆட்களுக்கானவை.

முடிந்த படத்தைப் பெரும்பாலும் வட்ஸ்அப்பில்தான் அனுப்பப் போகிறோம். அங்கே எஸ்விஜி படமாகத் திறக்காது. ஜியோஜீப்ரா கிளாசிக்கில் அசையும் ஜிஃப் நேரடியாக எடுக்கலாம். மற்ற எல்லாவற்றுக்கும் திரைப்பதிவுதான் குறுக்குவழி, அதற்கு ஓபிஎஸ் என்ற மென்பொருள் போதும். வெல்டிங் செய்கிற அண்ணைக்கு வீடியோவோடு அளவு போட்ட பிடிஎஃபையும் அனுப்புங்கள். அசைவைப் பார்த்து அவர் தலையாட்டுவார், வெட்டுவது அளவைப் பார்த்துத்தான்.

லப்டொப்பே இல்லை, போன் மட்டும்தான் என்பவர்களுக்கு வழி அடைபடவில்லை. ஜியோஜீப்ராவின் அண்ட்ரொய்ட் செயலி இணையம் இல்லாமலே ஓடும், மேலே சொன்ன நான்கு தடியும் அதில் அப்படியே வரும். ஃபால்ஸ்டாட் போன் உலாவியிலும் திறக்கும், விரலால் கம்பி இழுப்பது பொறுமையைச் சோதிக்கும் என்றாலும். போனைப் படுக்கையாகப் பிடித்து, புதிதாக வரையாமல், அதிலேயே இருக்கும் 555 மாதிரிச் சுற்றைத் திறந்து மதிப்புகளை மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள்.